புளிப்பு தட்டுன சொல்லு

வா மருமவனே, திண்ணையில உக்காரு. இத்தாலிக்காரன் பழைய ஒயின்ல குத்தம் சொல்லுற வார்த்தையை எல்லாம் தமிழாக்கிக் கொண்டாந்திருக்க. முதல் பக்கத்துலயே எனக்குப் புரையேறிட்டு.

‘சா தி தாப்போ’வுக்கு என்ன எழுதியிருக்க? ‘மூடியைப் பற்றி அறியும்.’ அகராதியில ‘சா’வுக்கு அறியும்னுதான் போட்டிருக்கும், இல்லங்கல. அதே சொல்லுக்கு வாடை அடிக்குதுன்னும் அர்த்தம் உண்டுல்லா? தக்கை வாடை. தக்கையில பூஞ்சை புகுந்து, வெளுக்கப் போட்ட குளோரினோட சேந்து ட்ரைகுளோரோஅனிசோல்னு ஒண்ணு உண்டாவுதுன்னு நீதானே வாசிச்சுக் காட்டுன? லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே புட்டி பாழாமே! தூரின்லேருந்து நீ சுமந்து வந்த பரோலோவை மோந்து பாத்தேன். ஐப்பசி மழையில நனைஞ்ச கோணிச்சாக்கை அப்படியே மடிச்சுப் போட்டு, தையில விரிச்சா வருமே, அதேதான். மக்கல் வாடைன்னு எழுது. உங்க அத்தைக்கும் புரியும்.

அடுத்தது ‘ஸ்புந்தோ’. இதுக்குத் ‘தூண்டுதல்’! நாடகக்காரனுக்கு அடியெடுத்துக் குடுக்கதுக்கும் அந்தப் பேருதானாம். அதை அப்படியே புட்டிக்குள்ள தள்ளிட்ட. ஒயின் என்ன பாட்டா கட்டப்போவுது? காத்துப் பட்டதும் பாக்டீரியா உள்ள இருக்க சாராயத்தைக் காடியாக்க ஆரம்பிக்குது. ஆரம்பம்தான், முழுக் காடி ஆகல. காலையில இறக்குன கள்ளைச் சாயங்காலம் வாயில வச்சா என்ன சொல்லுவோம்? ‘புளிப்பு தட்டிருச்சு.’ அந்தத் ‘தட்டிருச்சு’லதான் அளவே இருக்கு.

‘மார்சலாத்தோ’வை அப்படியே விட்டுட்ட. அது சிசிலியில ஒரு ஊர்ப்பேரு. 1773-ல ஜான் உட்ஹவுஸ்னு ஒரு இங்கிலீஷ் யாவாரி மார்சலா ஒயின்ல சாராயம் கலந்து கப்பலேத்துனான், ஊருக்குப் பேராச்சு. அந்த வாசம் சாதா ஒயின்ல வந்தா மட்டும் குத்தம், காத்தடிச்சுப் பழுப்பேறிட்டுன்னு அர்த்தம். ஒரு ஊரு பெருமை இன்னொரு ஊருக்கு வசவு. நம்ம பக்கமும் அப்படி ரெண்டு ஊரு உண்டு, பேரைச் சொன்னா அருவா தூக்குவான். நீ ‘காத்தடிச்சது’ன்னு போடு.

‘உங்கியா’வை ‘ஒயினின் நகம்’னு எழுதியிருக்க. கிண்ணத்தைச் சாய்ச்சா ஓரத்துல மெலிசா ஒரு நிறம் தெரியும், அதைத்தான் சொல்லுதான். ஓரநிறம்னாப் போதும். பரோலோவை 38 மாசம் கிடத்தாம விக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. வயசானா ஓரம் செங்கல் நிறமாவது இயற்கை. அதையும் குத்தப் பட்டியல்ல சேத்திருக்க! நரைச்சவனை எல்லாம் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவியோ?

கடைசியில ஒயினோட பருவத்துக்கு இத்தாலி ஒயின் ருசிக்காரச் சங்கம் வச்சிருக்க அஞ்சு படி. பிஞ்சு, இளசு, பக்குவம், முதிர்ச்சி வரைக்கும் அழகா வந்துட்டு, ‘வெக்கியோ’வுக்கு மட்டும் ‘கிழடு’ன்னு எழுதி, என்னைய ஓரக்கண்ணால பாக்க. அடிச்சிட்டு ‘இறங்குமுகம்’னு எழுது. அடுத்த தடவை வரும்போது மக்காத புட்டியாப் பாத்துக் கொண்டா.