தொகைவிரிப் பெட்டியின் இலக்கணமும் அந்தமான் சிக்கலும்: ஓர் ஆய்வு

இணையப் படிவத்தில் நீளமாக ஒரு பெட்டி. அதன் வலது ஓரத்தில் கீழே பார்த்த அம்பு. தொட்டால் ஒரு பட்டியல் சரிந்து விழும். ஊரார் இதை டிராப்டவுன் என்பர். கலைச்சொல் ஆக்குவோர் கீழ்விரிப் பட்டியல் என்பர். இரண்டும் குறையுடையன. பெட்டி பக்கத்தின் அடியில் இருந்தால் பட்டியல் மேல்நோக்கியும் விரியும். அப்போது இரு பெயருமே பொய். தொல்காப்பிய மரபியல் வழிநூலை நால்வகையாக்கி, அவற்றுள் ஒன்றைத் தொகைவிரி என்கிறது. மூடியிருக்கையில் தொகை, திறந்தால் விரி. இந்தப் பெட்டிக்காகவே ஆக்கி வைக்கப்பட்ட சொல் அது என்பது இவ்வாய்வாளன் துணிபு. நூலாசிரியருக்கு இணைய இணைப்பு இருந்ததா என்று கேட்பவரோடு வாதிட நேரமில்லை.

வரலாற்றைச் சுருங்கச் சொல்வோம். மேலிருந்து பட்டியலை இழுத்துத் திறக்கும் வழக்கம் 1983இல் ஆப்பிளின் லிசா கணினியோடு கடைக்கு வந்தது. அதை வடித்தவர் பில் அட்கின்சன். 1995 நவம்பரில் எச்டிஎம்எல் 2.0 தரம் வெளியானபோது 'செலக்ட்' என்ற பெயரில் பெட்டி இணையத்தில் குடியிருந்தது. செலக்ட் என்று எழுதி, உள்ளே ஆப்ஷன்களை அடுக்கினால் போதும். மீதியை பிரவுசர் பார்த்துக்கொள்ளும். 1997இல் எச்டிஎம்எல் 4, ஆப்ஷன்களைக் குழு பிரிக்கும் ஆப்ட்குரூப்பைக் கொடுத்தது. தொகை, வகை, விரி மூன்றும் நிறைந்தன. இத்தோடு விட்டிருக்கலாம்.

விடவில்லை. காரணம், அன்று பெட்டிக்குச் சாயம் ஏறாது. மூடிய பெட்டியின் கரையை ஏதோ கொஞ்சம் மாற்றலாம். விரிந்து விழும் பட்டியலோ ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் சொத்து, பக்கத்துக்கு அலங்காரம் செய்யும் சிஎஸ்எஸ் அங்கே வாசலோடு நிற்க வேண்டும். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 காலத்தில் பெட்டியின் திமிர் உச்சத்தில் இருந்தது. பக்கத்தின் மேல் எதைப் போர்த்தினாலும் செலக்ட் பெட்டி மட்டும் அதைத் துளைத்துக்கொண்டு வெளியே தெரியும், குரூப் போட்டோவில் எட்டிப் பார்க்கும் மாமா மாதிரி. அதை அடக்க, போர்வைக்கு அடியில் ஒரு வெற்று ஐபிரேமை விரித்து வைப்பது அன்றைய வைத்தியம்.

டிசைனர்களுக்கு இது தீராத மனக்குறை. கம்பெனி நீலம் வேறு, பெட்டி காட்டும் நீலம் வேறு. ஆகவே எம் குலத்தார், அதாவது பிரண்ட்எண்ட் எழுதிப் பிழைப்போர், அசல் பெட்டியை ஒளித்துவிட்டு டிவ் என்னும் வெற்றுக் கட்டங்களால் போலிப் பெட்டி கட்டினர். ஜேகுவெரி காலத்தில் சோசன், செலக்ட்2 என்று ஆயத்த சாமான்களும் வந்தன. போலிப் பட்டியல் மற்ற டிவ்களுக்கு மேலே தெரிவதற்கு இசட்-இண்டெக்ஸ் என்று ஓர் எண் உண்டு. யான் கண்ட அளவில் 9999க்குக் குறைத்து யாரும் போடுவதில்லை. அதை மறைக்க அடுத்தவர் 99999 போடுவார். கட்அவுட் போட்டியேதான். அம்பின் முனை 'கொஞ்சம் மழுங்கலா' வேண்டும் என்ற ஒரே கோரிக்கைக்காக யான் மூன்று நாள் செலவிட்டதும் இங்கே பதிவு செய்யத்தக்கது.

அசல் பெட்டி இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தவை என்னென்ன என்பது அதை ஒளித்த பிறகே தெரிந்தது. அம்புக் குறி விசையால் இறங்கலாம், எஸ்கேப் அழுத்தினால் மூடும், ஐபோனில் 2021 வரை சக்கரமாகச் சுழன்றது, பார்வையற்றோரின் திரைவாசிப்பானுக்குத் தன் பெயரையும் தற்போதைய தேர்வையும் தானே சொல்லும். டிவ் வாய் திறக்காது. திரைவாசிப்பானுக்கான ஏரியா (ARIA) குறிப்புகளை ஒவ்வொன்றாக எழுதி அதைப் பேசவைக்க வேண்டும். டெட்லைன் நெருங்கினால் முதலில் வெட்டுப்படுவது அந்தக் குறிப்புகள்தாம்.

இனி களஆய்வு. களம், எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டர். அங்கே விண்ணப்பம் போடும் அக்கா திரையைப் பார்ப்பதே இல்லை. கண் மார்க் ஷீட்டில், கை கீபோர்டில். மாநிலம் கேட்கும் இடத்தில் டேப், டி, மறுபடி டேப். (இந்த டி தில்லியின் டி அன்று, தமிழ்நாட்டின் டி என்க.) ஒருநாள் ஒரு தளம் புதுப்பொலிவோடு வந்தது. பெட்டி வளைந்த மூலையும் மெல்லிய நிழலுமாக மின்னியது. அக்கா டி அழுத்தினார். அசையவில்லை. மறுபடி அழுத்தினார். பிறகு மவுஸைத் தேடி எடுத்து, உருட்டி உருட்டி இறங்கினார்.

"அழகாத்தான் இருக்கு தம்பி. ஆனா டி சொன்னா கேக்க மாட்டேங்குது."

இறங்கும் தொலைவு சிறிதன்று. 28 மாநிலம், 8 ஒன்றியப் பகுதி, ஆக 36 பெயர். ஆங்கில அகரவரிசையில் தமிழ்நாடு 31ஆவது. முதலில் நிற்பது அந்தமான் நிக்கோபார். அசல் பெட்டியில் 'தேர்ந்தெடுக்கவும்' என்ற வெற்று வரியை வைக்க மறந்தால், யாரும் தொடாத பெட்டி முதல் பெயரையே விடையாக அனுப்பிவிடும். வெள்ளைக்காரன் நாடுகடத்தக் கப்பலாவது தேவைப்பட்டது.

ஹிக் என்ற ஆங்கில உளவியலாளர் 1952இல் ஒரு விதி கண்டார்: தெரிவுகள் கூடக்கூட முடிவெடுக்கும் நேரமும் மடக்கை அளவில் கூடும். இவ்விதி நம் பெட்டிக்குப் பொருந்தாது. யாரும் பிறந்த ஆண்டைத் தேர்ந்தெடுப்பதில்லை. 1968இல் பிறந்தவர் அதைத் தேடித்தான் போகிறார். தேடுபவனைத் தேர்வு செய்பவனாக எண்ணியதே எம் குலத்தாரின் மூலப் பிழை. ஆகவேதான் நிறத்தைப் பார்த்தோம், வரிசையைப் பார்க்கவில்லை.

வரிசை என்றதும் பாடபேதம் பேசவேண்டும். திருச்சிராப்பள்ளிக்கு ஒரு படிவத்தில் டி-ஐ, இன்னொன்றில் டி-எச்-ஐ, மூன்றாவதில் வெறும் திருச்சி. ஏட்டுச் சுவடி பதிப்பித்தவர்கள் பேதங்களை அடிக்குறிப்பிலாவது காட்டினார்கள்.

தமிழில் பட்டியல் போட்டால் தீருமா எனின், தீராது. யூனிகோடு எண்படி அடுக்கினால் னகரம் ரகரத்துக்கு முன் வந்துவிடும். நம் நெடுங்கணக்கிலோ னகரம் கடைசி மெய். முறைப்படி கரூர், கள்ளக்குறிச்சி, கன்னியாகுமரி என்று வரவேண்டியது, கன்னியாகுமரி, கரூர், கள்ளக்குறிச்சி என்று ஆகிறது. நாட்டின் கடைக்கோடி, வரிசையில் முண்டியடித்து முன்னே நிற்கிறது.

2025இல் குரோம் 135 வந்தது. அசல் செலக்டையே வேண்டியபடி அலங்கரிக்கலாம். அப்பியரன்ஸ் என்ற இடத்தில் பேஸ்-செலக்ட் என்று ஒரு வரி எழுதினால், பட்டியல், அம்பு, டிக் குறி எல்லாவற்றுக்கும் சாயம் ஏறும். எச்டிஎம்எல் 2.0இலிருந்து கணக்கிட்டால் ஒரு பெட்டிக்கு வண்ணமடிக்க முப்பது ஆண்டு.

அப்படி ஒன்றைச் செய்து லேப்டாப்போடு அக்காவிடம் போனேன். கம்பெனி நீலம், மழுங்கல் அம்பு, விரியும்போது லேசான அசைவு. அக்கா எதையும் பார்க்கவில்லை. டி அழுத்தினார், தமிழ்நாடு. மறுபடி டி, தெலங்கானா. மறுபடி, திரிபுரா. மறுபடி, தமிழ்நாடு.

"ம்ம்" என்றார். அடுத்த பையனின் மார்க் ஷீட்டுக்குக் கை நீட்டினார்.