சூடானா நிக்கிற காரும் சூடாகாத மாப்பிள்ளையும்

வாங்க மாப்ள, உக்காருங்க. கார் எங்கீங்க? தாராபுரம் ரோட்டுல நிக்குதுங்களா? செரி, நிக்கட்டும். வேசகாலத்து மத்தியானம் பன்னண்டு மணிக்கு அதுகூட வேப்பமரத்து நெழலாப் பாத்துத்தான் நிக்குதாமா. ஓட்டுற ஆளைக் காட்டிலும் அதுக்குப் புத்தி ஜாஸ்தி.

இதுவரைக்கும் என்னென்ன மாத்துனீங்கன்னு இன்னொருக்காச் சொல்லுங்க, காதுக்கு இனிமையா இருக்குது. நாலு பிளக்கு. பெட்ரோல் பில்ட்டரு. புது பேட்டரி. இன்ஜெக்டரை எல்லாம் கழட்டிக் கழுவியாச்சு. பின்சீட்டைத் தூக்கி, டேங்குக்குள்ள கைய உட்டு, பம்பையே மாத்தியாச்சு. இப்ப உக்கடத்துல எஞ்சினுக்கு மூளையான ஈசிஎம் பொட்டி பழசு ஒண்ணு கெடைக்குதுன்னு அட்வான்ஸ் வேற குடுத்திருக்கீங்க. காருக்கு வைத்தியம் பாக்கறீங்களா, கடைக்காரருக்கு மாடிவூடு கட்டிக் குடுக்கறீங்களான்னுதான் எனக்கு வெளங்கலை.

கோளாறு கோடைச் செல்போனுக்குச் சொல்ற ஓபிடி குச்சி ஒண்ணு வாங்கிச் சொருகப் பாத்தீங்களாமே? உங்க வண்டி 2004 மாடலுங்க. நம்ம நாட்டுல ஓபிடி வேணும்னு சட்டம் வந்தது 2010 ஏப்ரல்ல, அதுவும் பிஎஸ்-4 வண்டிக்கு. அதுக்கு மூத்ததுல பலது கம்பெனிக்கு ஒரு பாஷை பேசும். சிலதுல மீட்டர் போர்டு வெளக்கு மினுக்கறதை எண்ணித்தான் கோடு எடுக்கோணும். அப்படியே கோடு வந்தாலும் அது பொருளு பேரைச் சொல்றதில்லை, கோளாறைத்தான் சொல்லுது. பெட்ரோல் கம்மின்னு ஆக்சிஜன் சென்சாரு சொன்னா, நம்மாளுக சொன்ன சென்சாரையே கழட்டி வீசுவாங்க. வெடிச்சுப்போன வேக்குவம் ஓசு அந்தாண்ட கெடந்து சீட்டி அடிச்சுக்கிட்டிருக்கும்.

அட, அதை உடுங்க. எப்ப நிக்குது? காலையில சாவியத் திருப்புனவொடனே புடிச்சுக்குது. காங்கயம் தாண்டி, எஞ்சின் நல்லாச் சூடேறி, டீக்கடையில நிறுத்திட்டு வந்தா மசியறதில்லை. செல்பு சுத்துது, எஞ்சின் புடிக்கறதில்லை. பானெட்டைத் தெறந்துவெச்சு அரைமணி நேரம் தேமேன்னு உக்காந்திருந்தா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆவுது. இத்தனையும் அதுவே சொல்லிருச்சே மாப்ள! நீங்க அதை ஆறவெச்சு, டோ போட்டு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோயி, காலையில குளுகுளுன்னு இருக்கறப்ப "என்ன கோளாறு?"ன்னு கேட்டா அது என்னங்க சொல்லும்?

நிக்கற எடத்துலயே பாக்கோணும். ஒரு பழைய பிளக்கை வயருல மாட்டி, எஞ்சின் இரும்புல நல்லாப் பட வெச்சுட்டு, செல்பு அடிக்கச் சொல்லிப் பொறி வருதான்னு பாருங்க. கையில புடிச்சுக்காதீங்க, அதுல ஆயிரக்கணக்குல வோல்ட்டு வரும், எம் பொண்ணு பாவம். அப்பறம் எஞ்சின்ல இருக்கற பிளக்கைக் கழட்டிப் பாருங்க. நனைஞ்சு பெட்ரோல் வாசம் அடிச்சா பொறியிலதான் கோளாறு. காஞ்சு கெடந்தா பெட்ரோல் வரலை. பொறியும் இல்லை, பெட்ரோலும் இல்லைன்னா? ரெண்டும் ஒட்டுக்காக் கெட்டுப் போறதில்லீங்க. ரெண்டுக்கும் மேல உத்தரவு போடறவனுக்குத் தாக்கல் போகலைன்னு அர்த்தம்.

அந்தத் தாக்கல் சொல்றதுதான் கிராங்க் சென்சாரு. பல்லு வெச்ச சக்கரத்துக்கு நூலளவு தள்ளி உக்காந்திருக்கும். உங்க காலத்து வண்டியில பலதுல அது ஒரு காந்தமும் செம்புக்கம்பிச் சுத்தும்தான். ஒவ்வொரு பல்லும் தாண்டறப்ப ஒரு துடிப்பு ஈசிஎம்முக்குப் போகும். துடிப்பு வரலைன்னா, எஞ்சின் நின்னுபோச்சுன்னு அது பொறியை நிறுத்தும், இன்ஜெக்டரை மூடும், பம்புக்குக் கரண்டையும் புடுங்கிரும். வண்டி எங்கியாவது மோதி எஞ்சின் நின்னா, பெட்ரோல் பீச்சிக்கிட்டே இருக்கக்கூடாதில்லீங்களா? சாவி போட்டவொடனே பின்னாடி ரெண்டு செகண்டு உர்ருன்னு கேட்டு அடங்குதே, அதான் பம்பு. மறுபடி ஓடறதுக்குத் துடிப்பு வந்தாகோணும். உங்க மெக்கானிக்கு செல்பு அடிக்கறப்ப பம்புச் சத்தம் இல்லைன்னாரு, பம்பு தலையில பழியப் போட்டாரு, பில்லை உங்க தலையில போட்டாரு.

நம்ம கெணத்து மோட்டாரு காயிலு எப்படீங்க? உள்ள கம்பி விட்டுப்போயிருந்தாலும் குளுந்திருக்கறப்ப தொட்டுக்கிட்டு இருக்கும், சூட்டுல விரிஞ்சு உட்டுரும். அதேதான் இந்தச் சென்சாருலயும். அதனாலதான் காலையில மீட்டர் வெச்சு அளந்தா ஓம் கணக்கு ஒழுங்கா வருது. வண்டி நின்ன சூட்டோட அளங்க. இல்லீன்னா ஒரு ஈரத்துணியச் சென்சாரு மேல மட்டும் சித்த நேரம் போட்டுவெச்சுட்டு செல்பு அடிங்க. படக்குன்னு புடிச்சா, ஆளு கையும் களவுமா அம்புட்டான்.

இதைக் கேட்டவொடனே சென்சாரு வாங்கக் கடைக்கு எந்திரிக்காதீங்க, உங்க காலைப் பாத்தாலே தெரியுது. மொதல்ல வயரைப் பாருங்க. சைலன்சர் சூட்டுல இத்தனை வருசம் வெந்த வயரு தொட்டாலே நொறுங்கும். சொருகற எடத்துல பச்சை பூத்திருக்கும். எர்த் வயரு போல்ட்டு துருவேறிக் கெடக்கும். மெயின் ரிலேயும் சூட்டுல இதே வேலையக் காட்டும். அதே நம்பர் ரிலே பெட்டிக்குள்ளயே இன்னொண்ணு இருந்தா மாத்திச் சொருகிப் பாருங்க. செலவு ஒண்ணுமில்லை. செலவில்லாததுனாலதான் ஒருத்தரும் அதைச் செய்யறதில்லை.

உக்கடத்து அட்வான்ஸைத் திருப்பி வாங்குங்க. இம்மொபிலைசர் இருக்கற வண்டியில பழைய ஈசிஎம்மை மாட்டுனா, உங்க சாவி யாருதுன்னே தெரியாதுன்னு அது கையை விரிச்சுரும். அப்பறம் கழட்டி வெச்ச பழைய பம்பைக் காயலாங்கடையில போட்டுறாதீங்க மாப்ள. அது நல்ல பம்புங்க.