காவேரிப்பாக்கத்து ரம்மியில் பொய் மெய்ப்பாடுகள்: ஒரு முன்னோட்ட ஆய்வு

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். ஒவ்வொன்றும் பிறக்க நான்கு களன் வைத்து முப்பத்திரண்டாக்கிவிட்டுப் போனார். நகை, அழுகை, அச்சம், உவகை எல்லாம் அதில் உண்டு. ஒரிஜினல் ரம்மியும் இரண்டு ஜோக்கரும் கைக்கு வந்துவிட்டவன் முகத்தில் வரவழைத்துக்கொள்ளும் துயரத்துக்கு மட்டும் இடமில்லை. அழுகையில் சேர்க்கலாம் என்றால், அதற்கு அவர் சொன்ன காரணங்கள் இழிவு, இழப்பு, தளர்ச்சி, வறுமை. ரம்மி சேர்ந்தது இந்த நான்கில் எதிலும் அடங்காது. உரையாசிரியர்களும் இதைக் கவனிக்கவில்லை. அந்தக் குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக் களம் காவேரிப்பாக்கம். மூன்றாம் நந்திவர்ம பல்லவன் காலத்து ஏரியைப் பார்க்கவும், இங்கே கிடைத்த சிற்பங்களை ஆராயவும் அறிஞர்கள் வந்து போயிருக்கிறார்கள். கல்யாண மண்டபத்து மாடிக்கு ஒருவரும் ஏறிப் பார்த்ததில்லை. முகூர்த்தத்துக்கு முந்தின இரவு, பந்தி முடிந்ததும் அங்கே ஜமக்காளம் விரிப்பார்கள். வாலாஜா, ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி சொந்தங்கள் சுற்றி உட்கார, இரண்டு கட்டுச் சீட்டைக் கலைத்துப் போடுவார்கள். நாதஸ்வரக்காரர் வந்து எழுப்பும்வரை ஆய்வுக்குத் தடையில்லை.

விதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. எடுத்தவுடன் ஸ்கூட் விட்டால், அதாவது சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகினால், அபராதம் 20 புள்ளி; நடுவில் விட்டால் 40, மாட்டிக்கொண்டால் 80 வரை. பொய்யின் பொருளாதாரம் முழுக்க இந்த மூன்று எண்களில்தான் இருக்கிறது. நல்ல கை வந்தவனுக்கு மற்றவர்கள் ஓடிவிட்டால் சில்லறைதான். கடைசிவரை அவர்களை உட்கார வைத்து ஃபுல்லு, அதாவது அந்த 80, கொடுக்க வேண்டும். அதற்கு அவன் அழ வேண்டும். கெட்ட கைக்காரன் எல்லோரையும் ஸ்கூட் விட வைத்தால்தான் பிழைப்பான். அதற்கு அவன் சிரிக்க வேண்டும்.

மைக் காரோ என்ற அமெரிக்கர் 1984இல் போக்கர் ஆட்டக்காரர்களின் உடல்மொழி பற்றிப் புகைப்படங்களோடு ஒரு புத்தகம் போட்டார். பலவீனமாகக் காட்டிக்கொள்பவன் பலசாலி, பலசாலியாகக் காட்டிக்கொள்பவன் பலவீனன் என்பது அதன் சாரம். இதைக் கண்டுபிடிக்க லாஸ் வேகாஸ் வரை போயிருக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் கப்பல் கப்பலாக ஷூ ஏற்றுமதி செய்பவரிடம் தொழில் எப்படி என்று கேட்டால், “ஏதோ ஓடுது சார்” என்பார்.

பொய் மெய்ப்பாடுகளில் தலையாயது பெருமூச்சு. அது சீட்டை எடுத்த உடனே வந்தால் பொய், சற்றுத் தாமதித்து மூக்கு வழியாக வந்தால் மெய் என்று ஒரு கொள்கை உண்டு. அது ஆராயத்தக்கது. மணி பார்ப்பது, “டீ வருமாப்பா?” என்று கேட்பது, யாருக்கும் சொல்லாமல் உச்சுக் கொட்டுவது எல்லாம் இதன் கிளைகள். மிகவும் நுட்பமானது அரை ஸ்கூட். ஆட்டக்காரர் பதின்மூன்று சீட்டையும் ஒன்றாகச் சேர்த்து, கவிழ்த்து, ஜமக்காளத்துக்கு ஒரு சாண் மேலே வரை கொண்டுபோவார். அங்கே நிறுத்துவார். “சரி, சொந்தக்காரங்களோட ஆடறோம், இருக்கட்டும்” என்று திரும்பவும் விரிப்பார். இதைப் பார்த்து மனமிரங்கி உட்கார்ந்தவர்கள் 80 எழுதிக்கொண்டதை நோட்டுப் புத்தகத்தில் காணலாம்.

ஆனால் ஒரே பெருமூச்சு எத்தனை கல்யாணத்துக்குச் செல்லும்? எப்போதும் பொய் சொல்பவன் எதிராளிக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறான்; அவன் சொன்னதைத் திருப்பிப் போட்டால் போதும். பொய்யையும் மெய்யையும் கணக்கில்லாமல் கலந்து விட வேண்டும் என்பதை ஃபான் நாய்மனும் மார்கன்ஸ்டெர்னும் 1944இல் வெளியிட்ட நூலில் போக்கரை வைத்தே கணிதமாக நிறுவினார்கள். காவேரிப்பாக்கத்தில் இந்தக் கலவையை ஏரிக் கொசு பார்த்துக்கொள்கிறது. திடுக்கென்று நிமிர்வது, காலை மாற்றி உட்கார்வது, தொடையில் அடித்துக்கொள்வது என எந்த அசைவும் சீட்டைப் பற்றியதா கொசுவைப் பற்றியதா என்று யாராலும் பிரிக்க முடியாது.

முகத்தை விட்டுக் கையைப் பார்க்க வேண்டும் என்பதற்கு அயல்நாட்டுச் சான்று உண்டு. மைக்கேல் ஸ்லெப்பியனும் குழுவினரும் 2013இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உலகப் போக்கர் போட்டியின் காட்சிகளை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டி, கை நல்லதா கெட்டதா என்று கேட்டார்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்கள் குருட்டாம்போக்கில் சொல்வதைவிடவும் மோசமாகச் சொன்னார்கள். காசை நகர்த்தும் கையை மட்டும் பார்த்தவர்கள் ஓரளவு சரியாகச் சொன்னார்கள்.

இதே முடிவை எங்கள் களத்தில் தனியாக எட்டியவர், ஆம்பூரில் தோல் ஷாப்பில் தரம் பிரித்து ஓய்வுபெற்ற பெரியப்பா ஒருவர். மேல்பூச்சு எந்தக் கீறலையும் மறைத்துவிடும் என்பதால் பளபளப்பை அவர் நம்புவதில்லை. தோலை மடித்து, கட்டைவிரலால் அழுத்தி, சுருக்கம் எப்படி விழுகிறது என்று பார்ப்பார். சீட்டிலும் எதிராளியின் கட்டைவிரலைத்தான் பார்ப்பார். ஒருமுறை மருமகன் ஒருவர் உயிர் போகிற மாதிரி மூச்சு விட்டார். பெரியப்பா உடனே ஸ்கூட். கேட்டபோது விளக்கினார்: “எடுத்த சீட்ட ஓரத்துல சொருகல, நடுவுல சொருகனாரு. அங்க ஏற்கெனவே எடம் வுட்டு வெச்சிருந்தாரு. அப்புறம் இன்னா பெருமூச்சு?”

மருமகன் அடுத்த ஆட்டத்திலிருந்து எல்லாச் சீட்டையும் நடுவில் சொருகத் தொடங்கினார். தன் சீட்டு எங்கே என்று தனக்கே தெரியாமல் ராணியை இறக்கித் தோற்றார். பொய்க்கு இப்படி ஒரு நிர்வாகச் செலவு உண்டு. வேலூரில் இன்ஜினியரிங் படிக்கும் பையன் யூடியூப் பார்த்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்ததும் இந்தக் கணக்கில்தான் வரும். அவன் முகத்தை யாரும் படிக்கவில்லை. அவனும் ஆட்டினையும் டைமனையும் பிரித்தறியவில்லை.

இந்தக் கோட்பாடு முழுவதையும் ஆட்டம் காண வைத்தவர் வாலாஜா அத்தை. ஆள் குறைகிறது என்று உட்கார வைக்கப்பட்டவர். எவ்வளவு பெரிய பெருமூச்சுக்கும் நிமிர மாட்டார். தன் சீட்டை அடுக்கவே அவருக்கு நேரம் போதவில்லை. பார்க்காதவரிடம் நடிக்க முடியாது. அரை ஸ்கூட், உச்சுக் கொட்டல், டீ எல்லாம் அவர்முன் வீணாயின. விடிவதற்குள் மூன்று பேரை அவுட் ஆக்கினார். ரம்மியில் விழும் சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்து எதை இறக்குவது என்று தெரிய வேண்டும், ஆகவே அது பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967இல் செகந்திராபாத் மன்றம் ஒன்றின் வழக்கில் சொன்னது. மூணு சீட்டு வெறும் அதிர்ஷ்டம் என்றும் சொன்னது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் போக்கரையும் ரம்மியோடு திறமைப் பக்கம் வைத்தது. அத்தையை எந்தப் பக்கம் வைப்பது என்பதற்கு இரண்டு தீர்ப்பிலும் வழி இல்லை.

அடுத்த கட்ட ஆய்வு, ஆட்டக்காரருக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பவரைப் பற்றியது. அவருக்குப் பணயமில்லை, பயிற்சியுமில்லை. ஜோக்கர் வந்தால் அவர் முகம் அப்படியே மலரும். அனுபவசாலிகள் பின்னால் நிற்பவர்களை விரட்டுவது இதனால்தான். தன் மச்சானைத் தயார்செய்து, நல்ல சீட்டு வந்தால் முகம் சுளிக்கச் சொல்லிப் பின்னால் நிறுத்திய ஒரு முயற்சி மட்டும் பதிவாகியிருக்கிறது. முதல் ஆட்டத்திலேயே மச்சான் குனிந்து, எல்லோருக்கும் கேட்கிற குரலில் கேட்டார்: “இப்ப சுளிக்கணுமா மாமா?”