பாடி கட்டிய சட்டை

சேலம், நாமக்கல் சமவெளியில் காணப்படும் 'கைவேலைத் தாய்' என்னும் வகையினள், பகலெல்லாம் வங்கியிலோ விசைத்தறிக் கணக்கிலோ உழைத்துவிட்டு, இரவு பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகே தன் மெய்யான தொழிலைத் தொடங்குபவள் ஆவாள். 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தபோதும் இவ்வினம் பிரியாமல், ராசிபுரம் முதல் பரமத்தி வேலூர் வரை ஒரே குணத்தோடு விளங்குகிறது.

இவள் தன் குழந்தைக்குச் சட்டை தைப்பதில்லை என்பதை முதற்கண் தெளிவுபடுத்த வேண்டும். இளம்பிள்ளையிலும் பள்ளிபாளையத்திலும் தறிகள் ஓயாது ஓடும் வட்டாரத்தில் துணிக்குப் பஞ்சமில்லை என்றாலும், கடைவீதியில் ரெடிமேடாகத் தொங்கும் வெறும் சட்டையொன்றையே இவள் வாங்கி வருகிறாள். நாமக்கல் பட்டறைக்கு வெறும் சேஸிஸாக வரும் லாரிக்குப் பாடி கட்டிப் பூவும் மயிலும் தீட்டி அனுப்புவதைப் போல, அச்சட்டையின்மேல் தன் கற்பனை முழுவதையும் ஏற்றுகிறாள். இவ்வளவுக்கு மேல் பாரம் ஏற்றலாகாது என்னும் விதி லாரிக்கு உண்டு, சட்டைக்கு இல்லை.

இதற்கு அவள் கையாளும் கலை ஆரி எனப்படும். நுனியில் கொக்கியுள்ள ஊசியால், சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின் அடியிலிருந்து நூலை மேலே வாங்கிச் சங்கிலித் தையல் போடுவதே ஆரி வேலையாகும். கல்யாண ஜாக்கெட்டுக்கென்று கற்ற இவ்வித்தை, ஜாக்கெட்டுகள் தீர்ந்துபோன நிலையில் குழந்தையின்மேல் பாய்ந்தது என்பதே பொருத்தமான விளக்கம். பட்டர் பேப்பரில் மயிலை வரைந்து, கோடு நெடுக ஊசியால் துளையிட்டு, ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்த்தால் துணியில் மயில் புள்ளி புள்ளியாக இறங்கும். மண்ணெண்ணெய் வாடை மறுநாள் வகுப்பறை வரை செல்லும். நள்ளிரவில் முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் சேர்த்துத் தைத்துவிட்டு, காலையில் குழந்தையின் தலை நுழையாதபோது அதை அறிந்துகொள்வது இவ்வினத்தின் பொது இயல்பு. சேலம் வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன ஊராதலால், அறுந்த கொலுசின் முத்துகளும் கழுத்துப்பட்டியில் இடம்பெறுவதுண்டு. பள்ளியில் பிரேயரின்போது அசையாமல் நிற்க முயலும் பிள்ளை சலசலப்பது இதனால்தான்.

"குத்துதும்மா" என்னும் குழந்தையின் முறையீட்டுக்கு, "சித்த நேரம் பொறு கண்ணு, போட்டோ எடுத்துக்கலாம்" என்பதே மரபான பதில். "ஏனுங்க, இந்த ஊசியில நூல் கோத்துக் குடுங்க" என்று வேண்டப்படும் கணவனோ, தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவித்த அன்றைய நாமக்கல் மண்டல முட்டை விலையை அலைபேசியில் ஆழ்ந்து நோக்கிக்கொண்டிருப்பான்.

சட்டையோடு இவள் செய்யும் வாழ்த்து அட்டையின் இலக்கணம் வேறு. சிவகாசியில் அச்சான பொங்கல் வாழ்த்துகள் தபாலில் வந்து குவிந்த காலம் போனபின், செப்டம்பர் 5 ஆசிரியர் தினமும் நவம்பர் 14 குழந்தைகள் தினமும் இவளுக்குப் பருவங்களாயின. முட்டை அட்டையின் குழிகளை வெட்டினால் தாமரை, ஓரத்தில் கிளிட்டர், திறந்தால் எழும்பி நிற்கும் காகித மலை என வளரும் இந்த அட்டையில் குழந்தையின் பங்கு ஒரு கட்டைவிரல் ரேகை மட்டுமே. எனினும் 'நானே செய்தது' என்று உள்ளே எழுதியாக வேண்டுமாதலால், பிள்ளை எழுத்துப்போலத் தோன்றும்பொருட்டுத் தாய் இடக்கையால் எழுதுகிறாள். அதைப் பெறும் ஆசிரியை, தம் மகனுக்காக முந்தின இரவு அவ்வாறே இடக்கையால் எழுதியவராதலால், குறுக்கு விசாரணை எதுவும் செய்வதில்லை.

ஒருமுறை அணிந்த சட்டையை வாஷிங் மெஷினில் போட்டால் பாசிமணி உதிரும், இஸ்திரி போட்டால் பிளாஸ்டிக் கல் உருகும். ஆகவே அது கவரில் சுற்றப்பட்டு பீரோவுக்குள் சென்று, அளவு சிறுத்ததும் கொழுந்தனாரின் பிள்ளைக்கு அன்பளிப்பாகிறது. அந்த வீட்டிலும் ஆரி கற்ற ஒருத்தி இருப்பதால், அடுத்த பிறந்தநாளுக்கு அங்கிருந்து கல் பதித்த கிளிச் சட்டை ஒன்று வந்து சேரும். அதை அணிய மறுத்துக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்ட குழந்தையை வெளியே வரவழைக்கும் பொறுப்பு, முட்டை விலை பார்த்துக்கொண்டிருந்த கணவனுடையது.