ஊட்டிக்குப் போகலாமா?

கேள்வி: தறிக்கு ஒரு வாரம் ஓய்வு கொடுத்துவிட்டு முதன்முறையாக ஊட்டி போகிறோம். சொர்க்கம் என்கிறார்கள் சிலர், வெறும் கூட்டம் என்கிறார்கள் சிலர். யாரை நம்புவது?
– ஒரு வாசகி, பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: இருவரையும் நம்புங்கள். மே மாதத்தில் போன நான் மலையைவிட அதிக நேரம் பார்த்தது, முன்னால் நின்ற காரின் முதுகைத்தான். காஞ்சிக்காரர்களுக்குக் கூட்டம் புதிதல்ல. ஆனால் வரதர் கருடசேவையில் கூட்டத்தின் நடுவே பெருமாள் வருவார். ஊட்டியின் சேரிங் கிராஸ் சந்திப்பில் இன்னொரு வேன்தான் வரும். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம், மறக்காதீர்கள்.

காரே வேண்டாம் என்பேன். மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறுங்கள். 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம்! கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களின் நடுவே உள்ள பல்சட்டத்தை எஞ்சினின் பல்சக்கரம் கவ்விக் கவ்வி ஏறும். 1899இல் குன்னூர் வரையும், 1908இல் ஊட்டி வரையும் வந்த பாதை. ஜன்னலோரம் கிடைத்தால் பிள்ளைகளுக்குக்கூட விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஏரியில் படகுக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் எம்பிராய்டரியைத் தேடிப் போங்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக, மாதிரிப் படமே இல்லாமல், இழைகளை எண்ணி எண்ணித் தோடர் பெண்கள் தைப்பது. காஞ்சிப் பட்டைப் போலவே புவிசார் குறியீடு பெற்றது. துணியைத் திருப்பிப் பாருங்கள். சேலையின் உடலையும் கரையையும் பிணைக்கும் கோர்வை போடும் வீட்டுக்காரர் நீங்கள், அந்த உழைப்பு சட்டென்று புரியும். விலை சொன்னால் பேரமும் பேசமாட்டீர்கள்.