பாதி உருவிய பின்

எங்கள் வீட்டுக்கு ஸ்டீரியோ வந்தது சிங்கப்பூரிலிருந்து, சின்ன மாமாவின் தோளில் ஏறி. டூ-இன்-ஒன்னின் நெற்றியில் வெள்ளி எழுத்துகளில் 'ஸ்டீரியோ' என்று பொறித்திருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எதிர்வீட்டுத் தாத்தா கேட்டபோது, "ரெண்டு மடங்கு சத்தம்" என்றேன் நான், கொஞ்சமும் யோசிக்காமல். எட்டாவது படிக்கிற பையன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தெருவே நம்பியது. தெருவை விடுங்கள், நானே அதை ஏறக்குறைய இருபது வருஷம் நம்பினேன்.

அதன் இரண்டு ஸ்பீக்கர்களையும் தனியாகக் கழற்றலாம். ஒரே அறையில் இரண்டு எதற்கு, வீண் தண்டம் என்று அப்பா ஒன்றைக் கூடத்தில் வைத்துவிட்டு, இன்னொன்றை நீள ஒயரோடு சமையலறைப் பரணில் ஏற்றினார். ஒரே பெட்டியில் இரண்டு அறைக்குப் பாட்டு! தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் படப் பாடல்கள் என்று பேர் வாங்கிய 'ப்ரியா' கேசட் 1978-இலேயே வந்திருந்தாலும் எங்கள் வீட்டில் அது ஒலித்தது இந்த ஏற்பாட்டில்தான். பாடுகிறவரின் குரல் இரண்டு அறையிலும் குறைவில்லாமல் கேட்கும். ஆனால் பாட்டுக்குப் பாட்டு, இடையிசை வந்ததும் குடும்பம் பிரிந்துவிடும். கூடத்தில் கிடார் ஏதோ கேட்கும், அதற்கு வயலின் சொல்லும் பதில் சமையலறையில் ரசத்தோடு கொதித்துக்கொண்டிருக்கும். போன வருஷம் ஒருநாள் அம்மாவின் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இந்தப் பாட்டுல நடுவுல கிடார் வேற வருதாடா?" என்றாள்.

எதிர்வீட்டில் இருந்தது மோனோ டேப் ரெக்கார்டர். அதே கேசட்டை அதில் போட்டால் பாதிப் பாட்டு காணாமல் போகும் என்று நான் தாத்தாவைப் பயமுறுத்தி வைத்திருந்தேன். ஒன்றும் போகவில்லை. 4 மில்லிமீட்டர்கூட அகலமில்லாத அந்த நாடாவில் இடமும் வலமும் ஒட்டி ஒட்டியே பதிந்திருக்கும், மோனோ தலை இரண்டையும் சேர்த்தே படித்துவிடும். தாத்தா முழுப் பாட்டையும் கேட்டார். ஸ்டீரியோ வைத்திருந்த நாங்கள்தான் ஆளுக்குப் பாதி கேட்டோம்.

பிறகு வாக்மேன் வந்தது, அதோடு ஒரு அமானுஷ்யமும் வந்தது. உங்களுக்கும் நேர்ந்திருக்கும். ஹெட்போன் பின்னை முழுக்கச் செருகாமல் பாதி உருவி, விரலால் லேசாகத் திருகினால், தபேலா ஒரு மாதிரி குடத்துக்குள் இருந்து கேட்கும், வயலின் கேட்கும், பாடகரை மட்டும் காணோம்! எங்கோ பக்கத்து ஊரில் அவர் பாடுவதுபோல எதிரொலியின் வால் மட்டும் மிஞ்சும். மொட்டை மாடியில் பின்னை அந்த ஒரு மயிரிழையில் பிடித்துக்கொண்டு, காலியான அவருடைய இடத்தில் நின்று நான் பாடாத பாட்டில்லை. மூச்சை இழுத்து உச்சத்துக்குப் போகும் நேரம் பார்த்து விரல் அசையும், ஒரிஜினல் பாடகர் முழுத் தொண்டையோடு திரும்பி வந்து என் மானத்தை வாங்குவார்.

அந்தப் பேயின் ஜாதகத்தைப் பின்னால் ஒரு ஒலிப்பதிவாளர் அண்ணன் விளக்கினார். பின் பாதி வெளியே வந்தால் எர்த் விட்டுப்போகிறது, அப்போது காதுக்கு வருவது இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். இரண்டிலும் ஒரே அளவில் இருப்பது கழிந்துபோகும், அப்படி இருப்பது நடுவில் வைத்த குரல். ஆனால் அவர் இதைச் சொன்னது நான் பட்ட பிறகு.

பட்டது 2004-இல். கம்ப்யூட்டர், ஒரு மைக், ஒரு மிக்ஸர், பாடுவதற்கு ஒரு நண்பன், ஊர் அம்மன் மேல் நாங்களே எழுதிய பாட்டு. புது ட்ராக் திறந்ததும் மென்பொருள் கேட்டது: மோனோவா, ஸ்டீரியோவா? காசு கொடுத்து வாங்கியவன் மோனோவையா தொடுவான்? பதிந்து போட்டுப் பார்த்தால் நண்பன் இடது காதில் மட்டும் பாடுகிறான். ஒரே மைக், அது செருகியிருந்தது இடது பக்கம், வலது பக்கத்தில் சுத்தமான மௌனம், அதுவும் நிமிடத்துக்கு 5 எம்பி வீதம் சேமித்த மௌனம். பீட்டில்ஸின் 1963-ஆம் வருஷத்து முதல் ஆல்பத்தில்கூட ஸ்டீரியோ பதிப்பில் பாட்டு ஒரு பக்கம், வாத்தியம் ஒரு பக்கம்தான். அது தெரிந்திருந்தால் அப்படியே விட்டிருப்பேன்.

நான் இடதை நகலெடுத்து வலதில் ஒட்டினேன். குரல் நடுவில் வந்து நின்றது, அதாவது கோப்பு இரண்டு மடங்கான மோனோ. அகலம் வேண்டுமே என்று கண்ணில் பட்ட பொத்தானையெல்லாம் அழுத்தி, கடைசியில் ஒரு பக்கத்தின் அலையைத் தலைகீழாகத் திருப்பினேன். ஆகா! ஹெட்போனில் நண்பன் மண்டைக்கு வெளியே, வானத்திலிருந்து பாடினான். அன்றைக்கே சிடி போட்டுத் திருவிழாவுக்குக் கொடுத்துவிட்டோம்.

மைக்செட்காரர் இடத்தையும் வலத்தையும் ஒன்றாக்கித்தான் குழாய் ஸ்பீக்கருக்குக் கொடுப்பார். மேடு பள்ளத்தோடு பள்ளமும் மேடும் சேர்ந்தது. வேப்பமரத்து உச்சியிலிருந்து உடுக்கை வந்தது, நாதஸ்வரம் வந்தது, நண்பன் மட்டும் வரவே இல்லை. "இசை மட்டும் போட்டிருக்கீங்களே, பாட்டு எப்பப்பா வரும்?" என்றார் தர்மகர்த்தா. சொந்தக்காரர்களையெல்லாம் கூட்டிவந்திருந்த நண்பன் என்னோடு பேச ஆறு மாதம் ஆயிற்று.

"தம்பி, பாடுறவனுக்கு எத்தனை வாய்?" என்று கேட்டார் அண்ணன். "ஒரு வாய், ஒரு மைக், ஒரு ட்ராக். நடுவுல வச்சா ரெண்டு ஸ்பீக்கர்லயும் சமமா வரும், ஆள் நடுவுல நிக்கிற மாதிரி உன் மண்டைதான் நினைச்சுக்கும். அகலம் வேணும்னா இன்னொரு தடவை பாடச் சொல்லி, ஒண்ணை இந்தப் பக்கம், ஒண்ணை அந்தப் பக்கம் தள்ளு. எவனும் ஒரே மாதிரி ரெண்டு தடவை பாட மாட்டான்."

இதெல்லாம் என் அக்கா மகனுக்குப் பிறக்கும்போதே தெரிந்திருக்கிறது. பிரதான குரலை நடுவில் நிறுத்துகிறான், ஹம்மிங்கை எட்டுத் தடவை பாடி நாலும் நாலுமாக இருபுறமும் கோபுர பொம்மைகள்போல அடுக்குகிறான். கேட்டால் எனக்குக் கண் கலங்குகிறது. அதை அவன் தங்கை கேட்பதோ ஒற்றைக் காதில். இன்னொரு காது அம்மா கூப்பிட்டால் கேட்பதற்கு. மற்றவர்கள் டம்ளர் அளவு ப்ளூடூத் ஸ்பீக்கரில் கேட்கிறார்கள், அது மோனோ. ஆகவே பயல் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மோனோ பொத்தானை அழுத்தி எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்க்கிறான். எதிர்வீட்டுத் தாத்தா இருந்திருந்தால் சிரித்திருப்பார். நாங்கள் சும்மா உட்கார்ந்து திருகி விளையாடிய பேலன்ஸ் குமிழ்கூட இப்போது போனில் செட்டிங்ஸுக்குள், காது சரியில்லாதவர்களுக்கான பகுதியில் ஒளிந்திருக்கிறது.

நேற்று ஒரு பழைய பாட்டை ஏதோ செயலியில் போட்டு, நான் காப்பியை ஆற்றி முடிப்பதற்குள், "மாமா, குரலை மட்டும் எடுத்துட்டேன் பாருங்க" என்றான். எதிரொலியின் வால்கூட மிஞ்சவில்லை, சுத்தமாகத் துடைத்திருந்தது.

"நாங்க இதுக்குப் பின்னைப் பாதி உருவுவோம்டா."

"எந்தப் பின், மாமா?"

அவன் போனை வாங்கி மேலும் கீழும் திருப்பிப் பார்த்தேன். சார்ஜ் ஏற்றுகிற ஓட்டை ஒன்றுதான் இருந்தது.