ஃபயர்வால் எழாமை இலக்கணம்

மோடத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஃபயர்வால் பெட்டி நிற்க, இணையம் அறுந்த வீட்டில் ஆய்வாளனுக்குக் கிடைக்கும் மூலச்சான்று ஒன்றே: "நெட் வரல." வீட்டுக்கு வீடு பாடபேதமில்லாமல் வழங்கும் இச்சான்றில் எழுவாய் உண்டு, பயனிலை உண்டு, காரணம் மட்டும் சிதைந்துவிட்டது. சிதைந்த பகுதியை மீட்பதே இக்கட்டுரையின் நோக்கம் என்க.

முதலில் நூல் மரபு. ஓப்பன் சோர்ஸ் ஃபயர்வால்களும் நன்னூலார் வகுத்தபடி முதனூல், வழிநூல் என்றே பிறக்கின்றன. முதனூல், மானுவல் காஸ்பர் 2003இல் வெளியிட்ட மோனோவால். அதிலிருந்து 2004இல் கிளைத்த வழிநூல் பிஎஃப்சென்ஸ். வழிநூலுக்கு வழிநூலாக 2015 ஜனவரியில் நெதர்லாந்திலிருந்து வந்தது ஓபிஎன்சென்ஸ். அடுத்த மாதமே காஸ்பர் மோனோவாலை முடித்துக்கொண்டு, தம்மை நம்பியிருந்தவர்களை ஓபிஎன்சென்ஸ் பக்கம் போகச் சொன்னார். மகனைத் தாண்டிப் பேரனைக் கைகாட்டிய முதனூலாசிரியர் இலக்கண உலகில் அரியர்.

மூன்றும் ஃப்ரீபிஎஸ்டி மேல் நிற்பவை. மூன்றிலும் பெட்டியின் அமைப்பு விவரம் முழுவதும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் அடங்கும். அந்தக் கோப்பில் உள்ளதைப் பெட்டி நம்பும். எதிரே இருக்கும் உலகத்தை நம்பாது. நம் துணிபும் இதிலிருந்தே பிறக்கிறது: பெட்டி பெரும்பாலும் கெடுவதில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

இனிப் பரபக்கம். இத்துறையில் இரு மதத்தார் உளர். மறுதொடக்கவாதிகள் பவரை அணைத்து, பத்து எண்ணி, மறுபடி போடுவர். காரணம் கேட்டால் கோபிப்பர். கேபிள்வாதிகள் எல்லாக் கேபிளையும் பிடுங்கித் திரும்பச் செருகுவர். இவர்கள் கைபட்டபின் மோடத்துக்குப் போகவேண்டிய கேபிள் வேறு துளையில் இருக்கும். புதுக் கோளாறு பழைய கோளாற்றை மறைத்துவிடும். மறுதொடக்கவாதம் முழுப் பொய்யன்று. சில கேபிள் மோடங்கள் முதலில் கண்ட மேக் முகவரியையே பிடித்துக்கொண்டு, புதிதாக வந்த பெட்டியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆனால் அங்கே அணைத்துப் போடவேண்டியது மோடத்தை. இம்மதத்தார் பெட்டியையே அணைப்பர்.

எழாமைக்கு வருவோம். நலமாக எழுந்த பிஎஃப்சென்ஸ் பெட்டி, ஸ்பீக்கர் இருந்தால், சிறு மெட்டு ஒன்றை இசைக்கும். மெட்டு வராவிட்டால் இறந்தது என்று முடிவு கட்டுவது பிழை. ஃப்ரீபிஎஸ்டி நெட்வொர்க் கார்டுகளுக்கு அவற்றின் டிரைவரை வைத்தே பெயரிடும்: ரியல்டெக் என்றால் ஆர்இ0, இன்டெல் என்றால் இஎம்0, ஐஜிபி0 போன்றவை. வேறு டிரைவர் கேட்கும் கார்டைப் போட்டால் பெயரும் மாறும். கோப்போ பழைய பெயரையே சொல்லும். உடனே பெட்டி பாதிவழியில் நின்று, வான் எது, லான் எது என்று கன்சோலில் பணிவாகக் கேட்கும். மானிட்டரும் கீபோர்டும் இல்லாமல் அலமாரியின் மேல்தட்டில் வைக்கப்பட்ட பெட்டி, யாரும் பார்க்காத திரையில் இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும். கீழே "நெட் வரல" என்பார்கள். சீரியல் கேபிள் போட்டுப் பார்க்கலாமே எனின், பார்க்கலாம். ஆனால் பெட்டி 115200 வேகத்தில் பேச, நாம் 9600இல் செவிசாய்த்தால் திரையில் வருவது எம்மொழியும் அன்று.

யுஎஸ்பியிலிருந்து எழும் பெட்டி "மவுண்ட்ரூட்" என்ற வரியில் நின்றால், டிரைவ் கண்ணுக்குப் படுமுன்பே கெர்னல் அதைத் தேடிச் சலித்துவிட்டது என்று பொருள் கொள்ளலாம். அங்கே கேள்விக்குறி ஒன்றைத் தட்டினால் தெரிந்த டிஸ்க்குகளைப் பட்டியலிடும். பத்து வினாடி பொறுத்திருக்கச் சொல்லி லோடர் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் பெரும்பாலும் தீரும்.

எழுந்தும் இணையாமை வேறு திணை. பெட்டியின் லான் முகவரி பிறவியிலேயே 192.168.1.1. மோடத்தின் முகவரியும் பல வீடுகளில் அதுவே. வாசலிலும் கொல்லையிலும் ஒரே தெருப்பெயர்ப் பலகை மாட்டிய வீட்டில் கடிதத்தை எந்தப் பக்கம் கொண்டுபோவது? பெட்டிக்கும் தெரியாது. லானை 192.168.50.1 என்று மாற்றினால் வழக்கு முடிந்தது. பிபிபிஓஇ இணைப்பில் சில தளம் திறந்து சில தளம் தொங்கினால், 1500 பைட்டில் 8 பைட்டை அந்நெறிமுறை எடுத்துக்கொண்டதை நினைவுகொள்க; எம்டியுவை 1492 என்று வைக்க.

ஆய்வாளனின் உள்ளம் கவர்ந்த கோளாறு ஒன்று உண்டு. அதை அவசரப்பட்டுச் சொல்ல மனமில்லை. மதர்போர்டில் சிஆர்2032 என்னும் காசு பேட்டரி இருக்கிறது: விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். அது தீர்ந்தபின் கரண்ட் போய் வந்தால், பெட்டியின் கடிகாரம் ஏதோ ஒரு பழைய ஜனவரி 1க்குப் போய்விடும். 2010 ஜூலையிலிருந்து டிஎன்எஸ் வேர்மண்டலம் கையொப்பமிடப்பட்டே வருகிறது. கையொப்பத்துக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. பெட்டிக்குள் இருந்து பெயர்களுக்கு முகவரி தேடி, டிஎன்எஸ்செக் கையொப்பம் சரிபார்க்கும் அன்பவுண்ட், கடிகாரத்தைப் பார்த்து, இக்கையொப்பம் இன்னும் பிறக்கவேயில்லை என்று தள்ளிவிடும். எந்தப் பெயருக்கும் முகவரி கிடைக்காது. கடிகாரத்தைத் திருத்தலாமெனின், நேரம் சொல்லும் என்டிபி சர்வரைப் பெயரால் அழைக்கவேண்டும். பெயர் தெரிய நேரம் வேண்டும். நேரம் தெரிய பெயர் வேண்டும். தருக்க நூலார் இதை அன்னியோன்னியாசிரயம் என்று குற்றப்பட்டியலில் சேர்ப்பர். பெட்டியோ இதில் குற்றம் எதையும் காணாமல் விளக்கெல்லாம் பச்சையாக எரிய அமர்ந்திருக்கும். 8.8.8.8க்குப் பிங் போகும், எந்தத் தளமும் திறக்காது என்பது இதற்கு வலுவான குறி. கன்சோலில் தேதியைக் கையால் எழுதுக. அல்லது என்டிபி சர்வரை எண்ணாலேயே குறிக்க. பேட்டரியை மாற்றுக. மூன்றில் முதலிரண்டைச் செய்தவர் மூன்றாவதைச் செய்ததாகக் கேள்விப்படவில்லை.

எக்ஸ்எம்எல் கோப்பின் நகல் கைவசம் இருந்தால் இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்றொரு கடா எழும். நியாயமே. அந்நகலை எங்கு வைப்பது? கிளவுடில் எனின், அங்கே போக நெட் வேண்டும். பென் டிரைவில் என்பது பெரும்பான்மையோர் கொள்கை. அந்தப் பென் டிரைவ் இப்போது எங்கே இருக்கிறது என்பது தனி ஆய்வுக்குரியது.